கதைப்புத்தகம் படிக்கலாமா?

பிள்ளையின் கையிலே கணிதப் புத்தகம் இருந்தால் வீடு அமைதியாக இருக்கிறது. அதே கையில் ஒரு மர்ம நாவலோ காதல் நாவலோ இருக்கக் கண்டால், "படிக்கிற வயதில் இது என்ன வேலை?" என்ற கேள்வி உடனே எழுகிறது. அக்கேள்வியைக் கேட்பவர் தந்தையாக இருக்கலாம், தாயாக இருக்கலாம், சில வேளைகளில் ஆசிரியராகவும் இருக்கலாம். கேள்வியிலே ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளை அப்போது செய்துகொண்டிருப்பதும் படிப்புத்தான். அதனைப் படிப்புக்குப் பகையென்று கருதுவது நம் வழக்கமாகிவிட்டது. ஆகவே, இவ்வாரம் அக்கேள்வியையே எடுத்துக்கொள்வோம். புதிய மர்ம நாவல்களையும் காதல் நாவல்களையும் மாணவர்கள் படிக்கலாமா? படித்து இன்புறலாமா?

படிக்கலாம் என்பதே என் விடை. மறைத்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. பெற்றோர் அறியவே படிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். அதற்குரிய காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதலில் நாம் போற்றும் இலக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தில் நிகழ்வது யாது? அரசியின் சிலம்பொன்று களவு போகிறது. களவாடிய பொற்கொல்லன், சிலம்பு விற்கவந்த கோவலன்மேற் பழியைச் சுமத்துகிறான். அரசன் விசாரணையின்றிக் கொலைத்தண்டம் விதிக்கிறான். கண்ணகி மற்றைச் சிலம்பைக் கையிலேந்தி அவைக்கு வருகிறாள். அரசியின் சிலம்பில் இருப்பன முத்துக்கள். தன் சிலம்பில் இருப்பன மாணிக்கங்கள் என்பதை உடைத்துக் காட்டி மெய்ப்பிக்கிறாள். களவு, பொய்க் குற்றச்சாட்டு, தவறான தீர்ப்பு, ஈற்றில் மறுக்கவியலாத சான்று ஆகிய யாவும் ஒரு சிறந்த துப்பறியும் கதைக்குரிய உறுப்புகளே. காதலைப் பற்றியோ கூறவே வேண்டியதில்லை. வள்ளுவர் தமது நூலில் 25 அதிகாரங்களை, அஃதாவது 250 குறட்பாக்களை, அதற்கென்றே ஒதுக்கினார். அகத்திணையை நீக்கிவிட்டுச் சங்க இலக்கியத்தை எண்ணிப் பார்க்கவும் இயலாது. இவற்றைப் பரீட்சைக்குப் படித்தால் பாராட்டுகிறோம். அதே சுவைகளை ஒரு புதிய நாவலிலே பிள்ளை தேடினால் மட்டும் முகம் சுளிக்கிறோம்.

இரண்டாவதாக, நம் நாட்டு நாவலின் பிறப்பை நோக்குவோம். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று போற்றப்படுவது 1885-ஆம் ஆண்டில் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்'. அதனை எழுதியவர் நமது அயல்நகராகிய கண்டியிலே வாழ்ந்த சட்டத்தரணி சித்திலெவ்வை அவர்கள். எகிப்து நாட்டின் உயர்குடியிற் பிறந்த குழந்தையொன்று களவாடப்பட்டு இந்தியாவிலே வளர்கிறது. பின்னர்த் தன் பிறப்பின் மர்மம் துலங்கப்பெறுகிறது. இதுவே அக்கதையின் அடிப்படை. பத்து ஆண்டுகளின் பின்னர், 1895-இல், திருகோணமலைத் த. சரவணமுத்துப்பிள்ளை அவர்கள் 'மோகனாங்கி'யை வெளியிட்டார். அது நாயக்கர் காலத்தைக் களமாகக் கொண்ட காதற் கதை. எனவே, நம்மவரின் நாவல் தொட்டிலில் இருந்த காலத்திலேயே மர்மமும் காதலும் அதன் இரு பக்கத்திலும் நின்றன என்பதை மறத்தலாகாது.

தமிழகத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஜே. ஆர். ரங்கராஜு, ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரின் துப்பறியும் நாவல்களை மக்கள் விரும்பிப் படித்தனர். வை. மு. கோதைநாயகி அம்மாள் பள்ளிப்படிப்பு வாய்க்கப்பெறாதவர். எழுதப் பழகுமுன்னர்த் தாம் வாயாற் சொல்லப் பிறரைக்கொண்டு எழுதுவித்தவர். அத்தகைய அம்மையார் 'ஜகன்மோகினி' என்னும் இதழைப் பல ஆண்டுகள் நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களையும் எழுதினார். துப்பறியும் கதைகளும் அவற்றுள் அடங்கும். கதையின்மேற் கொண்ட ஆசை ஒருவரை எவ்வளவு தூரம் அழைத்துச் செல்லும் என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமோ?

இனி, நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் நினைவிற் கொண்டிருக்கக்கூடிய ஒரு காலத்திற்கு வருவோம். 1970-களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. வாராவாரம் தமிழகத்திலிருந்து வந்த தொடர்கதைகளுக்குப் பழகியிருந்த வாசகர் திகைத்தனர். அவ்வேளையிலே வீரகேசரி நிறுவனம் ஈழத்து எழுத்தாளரின் நாவல்களை மலிவு விலையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியிடத் தொடங்கிற்று. அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யும், செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று'ம் அவ்வரிசையில் 1973-இல் வந்தவை. ஒன்று வன்னிக் காட்டோரத்துத் தண்ணிமுறிப்பிலே நிகழும் கதை; மற்றையது கடற்கரையில் வாடியமைத்துத் தொழில்செய்யும் மீனவரின் கதை. இரண்டிலும் காதல் உண்டு. அடுத்து என்ன நேருமோ என்ற பதைப்பும் உண்டு. 'வாடைக்காற்று' 1978-இல் திரைப்படமாகவும் வந்தது. காதற் கதையைத் தேடிச் சென்ற வாசகர், தாம் அறியாத ஒரு மண்ணின் வாழ்வையும் அறிந்துகொண்டு திரும்பினர். மாத்தளையின் மலைச்சாரலில் இருந்துகொண்டே வன்னிக் காட்டையும் வடகடலையும் காண்பதற்கு ஒரு நாவலே போதுமாயிருந்தது.

இன்றைய நிலை வேறு. நாவல்களுக்குக் குறைவில்லை. ராஜேஷ்குமார் ஒருவரே ஆயிரத்துக்கு மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார். பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, இந்திரா சௌந்தர்ராஜன் முதலியோரின் மர்மக் கதைகளும், ரமணிசந்திரனின் குடும்பக் காதற் கதைகளும் பல வீடுகளில் அறிமுகமானவை. ஆயின், புத்தகம் வாங்குவது எளிதன்று. 2022-ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே தாள் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணத்திற் பாடசாலைத் தவணைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டதை நாம் கண்டோம். அதன்பின் ஏறிய விலைகளோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தோட்டத்திலே நாட்கூலிக்கு உழைக்கும் தாய், பிள்ளைக்குப் பாடப் பயிற்சிப் புத்தகம் வாங்குவாளா, நாவல் வாங்குவாளா?

இங்கேதான் எனது கவலை தொடங்குகிறது. கல்லூரியிலே நான் காணும் மாணவருட் பலர் கெட்டிக்காரர்கள். கடந்தகால வினாத்தாள்களை வரிசையாகச் செய்து முடிப்பர். ஆயினும், முந்நூறு பக்கமுள்ள ஒரு நூலை முதலிலிருந்து ஈறுவரை படித்து முடித்த அனுபவம் அவருட் சிலருக்கே உண்டு. பாடசாலை விட்டதும் ரியூஷன். ரியூஷன் முடிந்ததும் கைத்தொலைபேசி. பாடநூலிலே நீண்ட பந்தியொன்றைக் கண்டதும் களைத்துவிடுகிறார்கள். இக்களைப்பை இலக்கணத்தாற் போக்க முடியாது. புத்திமதியாலும் போக்க முடியாது. பக்கத்தைப் புரட்டவேண்டும் என்ற ஆவலே அதற்கு மருந்து. அவ்வாவலைத் தூண்டுவதில் மர்ம நாவலுக்கு நிகரான ஆசிரியர் இல்லை. குற்றவாளி யாரென அறியும்வரை உறங்க மறுக்கும் பிள்ளை, தன்னை அறியாமலே நூற்றுக்கணக்கான பக்கங்களைப் படித்துவிடுகிறது. சொற்கள் சேர்கின்றன, வாக்கியங்கள் வசப்படுகின்றன, முன்னே கண்டதைப் பின்னே வருவதோடு பொருத்திப் பார்க்கும் பழக்கமும் கைவருகிறது. இப்பழக்கம் வரலாற்றுப் பாடத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் உதவாதோ?

இவ்வாறு கூறுவதனால் அச்சேறிய கதையெல்லாம் நல்ல கதை என்று சொன்னதாகக் கொள்ளவேண்டாம். வாசகர், சிறப்பாக மாணவர், தாம் படிக்கும் நாவலை இரண்டு கேள்விகளால் உரைத்துப் பார்த்தல் வேண்டும்.

மர்ம நாவலானால், ஆசிரியர் நம்மோடு நேர்மையாக நடந்துகொண்டாரா என்று கேளுங்கள். துப்பறிபவர் கண்ட தடயங்கள் நமக்கும் காட்டப்பட்டிருத்தல் வேண்டும். கடைசி அத்தியாயத்திலே எங்கிருந்தோ ஓர் ஆளைக் கொண்டுவந்து அவனே கொலையாளி என்பது வாசகரை ஏமாற்றுவதாகும். யார்மேற் சந்தேகம் விழச் செய்யப்படுகிறது என்பதையும் கவனியுங்கள். வேலைக்காரன், ஏழை, அயலூரான் ஆகியோரையே எப்போதும் கள்ளராகக் காட்டும் கதை, கோவலனைக் கொல்வித்த அதே தவற்றை நமக்கும் பழக்குகிறது.

காதல் நாவலானால், கதாநாயகிக்குச் சொந்தமாக ஒரு மனம் உண்டா என்று கேளுங்கள். இதனை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சில கதைகளிலே நாயகன் அவளை அதட்டுகிறான், கை நீட்டுகிறான், அவள் விரும்பாதபோதும் பின்தொடர்கிறான். ஈற்றில் அவை யாவும் ஆழ்ந்த அன்பின் அடையாளங்கள் என்று முடிக்கப்படுகின்றன. பதினாறு வயதுப் பெண்ணொருத்தி இவற்றைத் தனியே, ஒளித்துவைத்து, எவரோடும் பேச இயலாதவளாய்ப் படித்தால் என்ன எண்ணுவாள்? அடிப்பவனே அன்புள்ளவன் என்று எண்ணிவிட இடமுண்டன்றோ? அதே புத்தகத்தைத் தாயும் படித்து, "இவன் செய்தது சரியா, பிள்ளை?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால், அந்த நாவலே ஒரு நல்ல பாடமாகிவிடும். அண்ணன்மாரும் தம்பிமாரும் அப்பேச்சைக் கேட்டிருத்தல் இன்னும் நன்று. புத்தகத்தைப் பறித்துவிட்டால் அந்தப் பேச்சுக்கு இடமே இல்லாமற் போகிறது. பறித்த புத்தகம் மறுநாள் வேறொரு தோழியின் கொப்பிக்குள்ளே மறைந்து திரும்பி வரும். அல்லது கைத்தொலைபேசியின் திரையிலே வரும். அப்போது அருகிலிருந்து பேச எவரும் இருக்கமாட்டார்.

புத்தகத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நகரத்தில் இருப்போர்க்குப் பொது நூலகம் உண்டு. பாடசாலை நூலகங்களின் அலுமாரிகளைப் பூட்டிவைக்காமல் திறந்துவைத்தல் வேண்டும். முன்னாளில் ஊர்தோறும் வாசிகசாலைகள் இருந்தன. பத்து வீட்டார் சேர்ந்து ஆளுக்கொரு நாவல் கொடுத்தால், தோட்டத்துக் கோயில் மண்டபத்திலோ முன்பள்ளிக் கட்டடத்திலோ ஒரு சிறிய வாசிகசாலையை இன்றும் தொடங்கலாம். இணையத்திலே 2005-ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 'நூலகம்' என்னும் மின்னூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்கள் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிள்ளையின் கையிலிருந்து எடுக்க முடியாத கைத்தொலைபேசியை அவ்வழியிலாவது புத்தகமாக்கலாம்.

மர்ம நாவலோடு ஒருவர் நின்றுவிடவும் வேண்டியதில்லை. படிக்கும் பழக்கம் வந்தவர்க்கு அடுத்த படி தானே தெரியும். மலரன்பன், மாத்தளை வடிவேலன், மாத்தளை சோமு ஆகிய நம் மாவட்டத்து எழுத்தாளர்கள் தோட்டத்து மக்களின் வாழ்வை எழுதியிருக்கிறார்கள். கதை படித்துப் பழகாத பிள்ளையின் கையில் அவற்றைக் கொடுத்தால் சிறிது நேரத்திலே கீழே வைத்துவிடும். நாவல் படித்துப் பழகிய பிள்ளையோ, தன் ஊரும் தன் லயமும் அச்சிலே இருக்கக் கண்டு வியந்து மேலும் கேட்கும்.

வாய்வழியே வழங்கிவந்த பௌத்தத் திருமறைகளை முதன்முதலாக ஏட்டில் எழுதிவைத்த இடம் என்று நம் மாத்தளை அலுவிகாரையைப் போற்றுகிறார்கள். எழுத்துக்கு அத்தகைய சிறப்புச் செய்த மண்ணிலே, படிக்கத் தெரிந்தும் படியாத ஒரு தலைமுறை வளர்தல் தகுமோ?

ஆதலின் பெற்றோர்க்கு ஒன்று சொல்வேன். அடுத்த முறை பிள்ளையின் கையில் மர்ம நாவலொன்றைக் கண்டால் பறிக்க விரையாதீர்கள். பக்கத்தில் அமர்ந்து, "கொலை செய்தவன் யாரென்று நினைக்கிறாய்?" என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் காரணத்தை முழுதுங் கேளுங்கள். முடிந்தால், அது படித்து முடித்தபின் நீங்களும் வாங்கிப் படியுங்கள். கணக்குக் கொப்பியை அதற்குப் பின்னர் எடுக்கச் சொல்லலாம். மனம் மகிழ்ந்திருக்கும் பிள்ளை மறுக்காது.