ரயில் டிக்கெட்டுக்கு முன் ஒரு கேள்வி

மும்பையில் நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து வந்த அப்பாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய், முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்ய முடியாது என்று டாக்டர் சொன்னால், அன்று மாலையே ரயில் டிக்கெட்டுக்கு ஆள் ஓடுகிறது. கடைசிக் காலத்தில் சொந்த மண்ணில் இருக்கட்டும் என்கிறார்கள். இந்தி தெரியாத குடும்பங்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிகளுக்குப் போய்வருகிற நான் சொல்வது, அந்த டிக்கெட்டைச் சில நாள் தள்ளிப்போடுங்கள்.

"முடியாது" என்பதற்குச் சிலர் விஷயத்தில் "இன்றுள்ள நிலையில் முடியாது" என்றுதான் பொருள். கட்டி பெரிதாக இருக்கலாம். அல்லது வெட்டியபின் மிஞ்சும் கல்லீரல் உடம்புக்குப் போதாமல் இருக்கலாம். இரண்டுக்குமே இன்று வழி தேடுகிறார்கள்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியே வருகிறது. புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்கிறது. அதனால் தொடைப் பக்கத்துத் தமனியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிக்குப் போகும் கிளையில் மருந்தை விட்டு அடைத்துவிடுகிறார்கள். 'டேஸ்' என்பது இதுதான். கதிரியக்க இட்ரியம் மணிகளை அதே வழியில் அனுப்புவதும் உண்டு. மிஞ்சும் பகுதி சிறிதென்றால், வெட்டப்போகும் பக்கத்துப் போர்ட்டல் சிரையை முன்கூட்டியே அடைக்கிறார்கள். மறுபக்கம் சில வாரங்களில் வளர்கிறது! ஜப்பானிய டாக்டர்கள் 1980களில் கையாளத் தொடங்கிய முறை இது.

மாற்றுக் கல்லீரலுக்கு 1996-இல் மிலான் நகர டாக்டர்கள் ஓர் அளவு வகுத்தார்கள். ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், மூன்று வரை என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக்குழாய்க்குள் பரவியிருக்கக் கூடாது. இதைத் தாண்டியவர்களையும் சிகிச்சையால் அளவுக்குள் கொண்டுவந்து, பிறகு மாற்று உறுப்பு பொருத்துகிறார்கள்.

எல்லோருக்கும் இது பலிக்காது. வயிற்றில் நீர் கோத்து, காமாலை ஏறி, ஆளே ஒடுங்கிப் படுத்துவிட்டவரை இந்தச் சிகிச்சைகளால் வாட்டுவதை நான் ஏற்க மாட்டேன். அவருக்கு ஊர்தான் சரி. செலவும் சிறிதல்ல; அண்ணன் தம்பிகள் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும். ஆனால் நடமாட்டத்தோடு, நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும் மனிதரை ஒரே டாக்டரின் ஒரு வார்த்தையோடு ரயிலேற்றுவது என்ன நியாயம்? மூன்று மாதம் கீழாநெல்லி கொடுத்துப் பார்க்கிறோம் என்பவர்கள்மீது எனக்குக் கோபமே வருகிறது. கட்டி அந்த மூன்று மாதமும் சும்மா இருப்பதில்லை.

கல்லீரல் சர்ஜன், புற்றுநோய் டாக்டர், குழாய் வழிச் சிகிச்சை செய்பவர் மூவரும் சேர்ந்து பார்க்கும் ஆஸ்பத்திரியாகத் தேடிப் போங்கள். கட்டியைச் சுருக்கியபின் ஆபரேஷனுக்கு வழியுண்டா, வெட்டினால் கல்லீரல் எவ்வளவு மிஞ்சும் என்று கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்கள் உள்ள சி.டி.யையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாஷைதான் தயக்கம் என்றால் சங்கத்தில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், கூட வருகிறேன்.