குப்பியின் குற்றம் யார் தலையில்?

கண் மருத்துவம் பற்றிய கட்டுரைகளில் தவறாது இடம்பெறும் வாசகம் ஒன்றுண்டு: நோயாளிகள் சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டுக்கொள்வதில்லை. அலட்சியம், அறியாமை, ஒத்துழையாமை என்று இதற்குப் பல பெயர்கள். எழுபது வயதில், புரை படர்ந்த கண்ணும் நடுங்கும் விரல்களுமாக அந்தக் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தவர் எவரும் இதை எழுதியிருக்க மாட்டார் என்பது நம் எண்ணம். சொற்களோடு புழங்குகிறவர்கள் என்ற முறையில், பழியை இடம்மாற்றி வைக்கும் இச்சொற்களை மறுப்பது நம் வேலையும்தான்.

குப்பியைச் சற்று கவனிப்போம். நம் ஊர் மருந்துக் கடைகளில் கிடைக்கும் பல குப்பிகளின் மூக்கு அடைபட்டே வருகிறது. மூடியின் உட்புறத்தில் ஒரு முள் இருக்கும். மூடியை இறுகத் திருகினால் அது மூக்கைத் துளைக்கும். இந்தச் செய்தி பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகியிருக்கும். படிக்க வேண்டியவரோ பார்வை மங்கியதால் மருந்து வாங்கியவர்! ஆகவே ஊக்கு வருகிறது, குண்டூசி வருகிறது. சில வீடுகளில் பிளேடால் மூக்கையே அரிந்துவிடுகிறார்கள். கிருமி நீக்கி அடைத்த மருந்தின் கதி அத்துடன் முடிந்தது. துளை அகன்றுவிட்டால் சொட்டு என்பதே இல்லை, தாரைதான். (உடனே ஒட்டும் பசையும் இதே போன்ற குப்பியில்தான் விற்கப்படுகிறது. அதைக் கண் மருந்தென்று விட்டுக்கொண்டவர்களின் கதை மருத்துவ ஏடுகளில் பலமுறை பதிவாகியிருக்கிறது.)

துளை சரியாகவே விழுந்தது என்று கொள்வோம். கண்ணின் கொள்ளளவு ஏறக்குறைய 30 மைக்ரோலிட்டர். அதிலும் இயல்பான கண்ணீர் ஒரு பங்கை முன்பே நிறைத்திருக்கிறது. குப்பிகளிலிருந்து விழும் சொட்டோ 25 முதல் 70 மைக்ரோலிட்டர் வரை. மிகுதி கன்னத்தில் வழிகிறது. அல்லது கண்ணீர்க் குழாய் வழியே மூக்கில் இறங்கி இரத்தத்தில் கலக்கிறது. கண் நீரழுத்த நோய்க்குத் தரும் டிமோலால் இப்படி உடலில் சேர்ந்தால் ஆஸ்துமாக்காரருக்கு மூச்சு முட்டும், இதயத் துடிப்பு குறையும். கணக்கும் எளிதுதான். சொட்டு 50 மைக்ரோலிட்டர் என்றால் 5 மி.லி. குப்பியில் 100 சொட்டு. இரு கண்ணிலும் காலை, மாலை விடுபவருக்கு அது 25 நாள் வரும், அதுவும் ஒரு சொட்டுகூடத் தவறாதிருந்தால். சொட்டு 30 ஆகச் சிறுத்தால் 41 நாள். தவறிய சொட்டுகளுக்கும் அதில் இடமிருக்கும்.

குறி தவறுகிறவர்களுக்காகவே பெரிய சொட்டு என்று ஒரு வாதம் உண்டு. குறி தவறாத குப்பியைச் செய்வதை விட்டுவிட்டு, தவறுவதற்கும் சேர்த்து விலை வாங்கும் சாமர்த்தியம் இது. நம் பாட்டிமார் குழந்தைக்கு மருந்து புகட்டிய பாலாடையை நினைத்துப் பாருங்கள். ஊட்டும் கையையும் உண்ணும் வாயையும் ஒருசேர எண்ணி அந்த மூக்கை வடித்த கன்னானுக்கு எந்த ஆய்வுக்கூடம் இருந்தது?

அமெரிக்காவில் நோயாளிகள் சொட்டின் அளவை எதிர்த்து வழக்கே தொடுத்தார்கள். 2017இல் சிகாகோவிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் ரிச்சர்ட் போஸ்னர். சட்டத்தையும் இலக்கியத்தையும் இணைத்துப் புத்தகம் எழுதியவர் என்பதால் நம்மில் சிலருக்கு அறிமுகமானவர். வாங்கிய பொருள் இன்னும் நன்றாக இருந்திருக்கலாம் என்ற குறை வழக்காகாது என்பது அவர் கட்சி. அதே ஆண்டில் ஃபிலடெல்ஃபியா மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தகைய வழக்கொன்றை அனுமதித்தது. நமக்கு இரண்டாவதே நியாயமாகப் படுகிறது.

கருவியைக் கைக்கேற்ப மாற்ற முடியாது என்பாருக்கு மதுரையிலேயே பதில் இருக்கிறது. 1976இல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் கோணிப்போனவை. தம் விரலுக்கேற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு அவர் பல்லாயிரம் அறுவைகள் செய்தார். அவரது விரல்களை யாரும் ஒத்துழையாமை என்று குற்றம் சாட்டவில்லை.

நாம் கேட்பவை பெரியவை அல்ல. மூக்கு சிறுத்த, திறந்ததும் பயன்படுத்தத்தக்க குப்பி. மெலிந்த விரலுக்கும் இணங்கும் சுவர். தமிழில், பெரிய எழுத்தில் குறிப்பு. அப்படியே இன்னொன்று: 5 மி.லி. என்று அச்சிடுகிறவர்கள், அதில் எத்தனை சொட்டு இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே அச்சிடட்டும்.