யாருக்கும் காட்டாத ஒரு ஹாபி வேணும்... ஏன்?

பயோடேட்டாவில் ஒரு வரி மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். ‘ஹாபீஸ்: லிசனிங் டு மியூசிக், ரீடிங் புக்ஸ், பிளேயிங் கிரிக்கெட்.’ கேம்பஸ் இன்டர்வியூவுக்கு முந்தின ராத்திரி, சீனியரோட ஃபைலில் இருந்து அப்படியே காப்பி அடித்தது. வேலை கிடைத்ததும் அந்த வரி மறந்துபோகும். நாலு வருஷம் கழித்து, கழுத்து வலியோடும் தூக்கம் இல்லாத கண்ணோடும் டாக்டர் முன்னால் உட்காரும்போது அதே கேள்வி மறுபடியும் வரும். “ரிலாக்ஸ் பண்ண என்ன பண்ணுவீங்க?” பெரும்பாலும் பதில் ஒன்றுதான்: “போன் பார்ப்பேன் டாக்டர்.”

உடனே அறிவுரை கிடைக்கும். படம் வரைங்க, செடி வளருங்க, குரோஷே போடுங்க, ஏதாவது வாத்தியம் கத்துக்கோங்க. தப்பான அறிவுரை இல்லை. ஆனால் அதில் முக்கியமான ஒரு பகுதி விட்டுப்போகிறது. நாம் கையால் செய்யும் எந்த வேலையும் மனசை லேசாக்குவது, அதை யாரும் அளக்காத வரைக்கும்தான். லைக் கணக்கு, ஆர்டர் கணக்கு, ‘இன்னும் நல்லா வந்திருக்கணும்’ என்கிற உள்ளுக்குள் ஓடும் அப்ரைசல், இதில் எது நுழைந்தாலும் ஹாபி இன்னொரு ஆபீஸாகிவிடும்.

கை முழுக்க மாவு இருந்தா போன் எடுக்க முடியாது

ரீல்ஸ் பார்ப்பதும் ஓய்வுதானே என்று கேட்கலாம். உடம்பு சாய்ந்து கிடக்கிறது, அது உண்மை. வேலைக் களைப்பில் இருந்து மனசு மீள என்னென்ன தேவை என்பதை சபீனே சோனென்டாக், சார்லட் ஃபிரிட்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2007-ல் நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். வேலை நினைப்பில் இருந்து முழுசா விலகுவது. தளர்ந்து இருப்பது. வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கற்றுத் தேறுவது. அந்த நேரத்தை என்ன செய்வது என்ற முடிவு நம் கையில் இருப்பது.

இந்த நான்கையும் போன் முன்னால் வைத்துப் பாருங்கள். டீம் லீடரின் மெசேஜ் வரும் அதே திரையில்தான் காமெடி வீடியோவும் வருகிறது. அப்புறம் எங்கே விலகுவது? அடுத்து எதைப் பார்க்கணும் என்பதை முடிவு செய்வதும் நாம் இல்லை, அல்காரிதம். கற்றுத் தேறுவதற்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. மிஞ்சுவது தளர்வு மட்டும். அதுவும் ஒரு மணி நேரம் கழித்து ‘இவ்ளோ நேரம் போச்சா?’ என்ற எரிச்சலில் முடிகிறது.

களிமண் பிசைகிறவர், வாட்டர்கலர் தொட்டவர், கையில் ஊசி நூலோடு உட்கார்ந்தவர் நோட்டிபிகேஷன் சத்தம் கேட்டாலும் உடனே எடுக்க முடியாது. கை ஈரமா இருக்கு, எடுத்தா தையல் எண்ணிக்கை விட்டுப்போகும். சாதாரண விஷயம்தான். ஆனால் மன உறுதியை நம்பாமல் போனைத் தள்ளி வைக்க இதைவிட நல்ல வழி குறைவு.

இது உடம்பில் தெரியுமா? அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமல் தலைமையிலான குழு இதைச் சோதித்து, 2016-ல் முடிவை வெளியிட்டது. 18 முதல் 59 வயது வரையிலான 39 பேர். மார்க்கர் பேனா, களிமண், ஒட்டுப்படம் செய்யும் பொருட்கள் எல்லாம் கொடுத்து, 45 நிமிடம் இஷ்டத்துக்கு ஏதாவது செய்யச் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசால் அளவு எடுக்கப்பட்டது. மனஅழுத்தத்தின்போது உடம்பில் சுரக்கும் ஹார்மோன் அது. சுமார் 75 சதவீதம் பேருக்கு அளவு குறைந்திருந்தது.

இந்த ஆய்வைச் சொல்கிற பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். அங்கே நிறுத்தினால் பாதி உண்மைதான். 39 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. எதுவும் செய்யாமல் சும்மா உட்கார்ந்த இன்னொரு குழுவோடு ஒப்பிடவில்லை. கார்டிசால் காலையில் உச்சத்தில் இருந்து, பொழுது போகப் போக தானாகவே குறையும் சமாச்சாரமும்கூட. மீதிப் பேரில் சிலருக்கு அளவு ஏறியும் இருந்தது. அதனால் ‘படம் வரைந்தால் ஸ்ட்ரெஸ் போயே போச்சு’ என்று மருந்துச்சீட்டு மாதிரி எழுதித் தர முடியாது. ஆனால் அதில் கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. முன்னாடியே வரையத் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் பலன், தெரியாதவர்களுக்குக் குறைவு என்ற வித்தியாசம் எதுவும் வரவில்லை. ‘எனக்கு ஆர்ட்டெல்லாம் வராது’ என்று ஒதுங்கி நிற்கிறவர்கள் படிக்க வேண்டிய வரி அதுதான்.

வெள்ளைத் தாளைப் பார்த்தா ஏன் படபடப்பு?

‘மனசுக்குத் தோணுறத வரைங்க’ என்று சொல்வது சுலபம். நாள் முழுக்க முடிவெடுத்துக் களைத்த மூளையிடம் போய் வெறும் தாளை நீட்டினால், அதுவும் ஒரு வேலைதான். என்ன வரையணும், எங்க ஆரம்பிக்கணும், எந்தக் கலர்? மறுபடியும் முடிவுகள்.

2005-ல் கரி, காஸர் என்ற இரு ஆய்வாளர்கள் 84 கல்லூரி மாணவர்களை வைத்து இதைப் பார்த்தார்கள். முதலில் மாணவர்களை லேசாகப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலருக்கு மண்டலா வடிவம், சிலருக்குக் கட்டம் போட்ட வடிவம், சிலருக்கு வெறும் வெள்ளைத் தாள் கொடுத்து வண்ணம் தீட்டச் சொன்னார்கள். வடிவம் இருந்த தாளில் தீட்டியவர்களுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. வெள்ளைத் தாள் குழுவுக்கு அந்த அளவுக்குக் குறையவில்லை. பின்னால் இதையே திரும்பச் செய்து பார்த்தவர்களுக்கு எல்லா முறையும் இதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லணும். 2015 வாக்கில் பெரியவர்களுக்கான வண்ணம் தீட்டும் புத்தகங்கள் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் விற்றதற்கு இந்த ஈர்ப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். கோடு ஏற்கெனவே இருக்கிறது. நாம் நிரப்பினால் போதும்.

நம்ம ஊருக்கு இது புதுசா என்ன? புள்ளிக் கோலம் இதே ஏற்பாடுதானே. 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை என்று வைத்துவிட்டால் பாதி முடிவு முடிந்தது. மிச்சம், புள்ளியைச் சேர்ப்பதா சுற்றி வளைப்பதா என்பது மட்டும்தான். சிக்குக் கோலத்தில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு, ஆரம்பித்த இடத்துக்கே வந்து சேர வேண்டும். ஒரு வளைவு மாறிப்போனால் நாலு புள்ளி தள்ளித் தெரிந்துவிடும். விரலால் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் ஆச்சு. கவனம் முழுசா அங்கே இருந்தாகணும், ஆனால் பயப்பட எதுவும் இல்லை. இந்தச் சேர்க்கை ஆபீஸ் வேலையில் கிடைப்பது அபூர்வம்.

கோடிங் எழுதுகிறவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். தாம்பரத்தில் உள்ள சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, தன் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1970-களிலேயே கோலத்தை கம்ப்யூட்டர் இலக்கணமாக எழுதிப் பார்த்தவர். 1974-ல் வந்த அவர்களுடைய கட்டுரையை வடிவங்களின் மொழி பற்றிப் படிப்பவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். பாட்டி போட்ட நெளிவுக்குப் பின்னால் அல்காரிதம் இருந்தது, ஆனால் அது யாரையும் ஸ்க்ரோல் பண்ண வைக்கவில்லை.

கோலத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அது நிலைக்காது. பால்காரர் சைக்கிள் ஏறும், பிள்ளைகள் மிதிக்கும், மத்தியானத்துக்குள் பாதி போய்விடும். யாரும் அதை ஃபிரேம் போட்டு மாட்டியதில்லை. நாளைக்கு அழியப்போகிறது என்று தெரிந்து போடும் கோட்டில் கை நடுங்காது. அபார்ட்மென்ட்டில் வாசல் ஏது என்பவர்களுக்கு ஒரு பழைய நோட்டும் பேனாவும் போதும்.

“இதை வித்தா காசு வருமே!”

யாராவது ஒருத்தர் நாலு மண்டலா வரைந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் போதும். சித்தி கேட்பாங்க, “சூப்பரா இருக்கே, ஒரு பேஜ் ஆரம்பியேன்?” ஃப்ரெண்ட் சொல்லுவான், “மச்சி, கீ செயின் போட்டு வித்தா செம மார்ஜின்.” நல்ல மனசோட சொல்வதுதான். அடுத்த மாதத்தில் இருந்து ராத்திரி 11 மணிக்கு ரெசின் ஊற்றி, கொரியர் பேக் பண்ணி, ‘எப்போ வரும் சிஸ்?’ என்ற மெசேஜுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மனசை ஆற்றிக்கொள்ள ஆரம்பித்தது, இரண்டாவது ஷிஃப்ட் ஆகிவிடும்.

பரிசு ஆசை நுழைந்தால் விருப்பம் என்ன ஆகும் என்பதற்கு 1973-ல் வெளியான ஒரு ஆய்வு பிரபலம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில், ஏற்கெனவே வரைவதில் ஆர்வமாக இருந்த குழந்தைகளை மார்க் லெப்பரும் சகாக்களும் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு குழுவிடம், ‘வரைந்தால் சான்றிதழ் உண்டு’ என்று முன்னாடியே சொல்லிவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கு, வரைந்து முடித்த பிறகு எதிர்பாராமல் சான்றிதழ் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, வகுப்பில் அதே பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசுக்காக வரைந்த குழந்தைகள், மற்றவர்கள் செலவழித்த நேரத்தில் சுமார் பாதிதான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. பாராட்டே கூடாது என்று அர்த்தம் இல்லை. பாராட்டுக்காகவே உட்காருவதுதான் சிக்கல்.

வீட்டுச் செலவுக்குக் காசு வேணும் என்பதால் குரோஷே பை விற்பவர்களை இங்கே யாரும் குறை சொல்லவில்லை. அது கௌரவமான வருமானம். ஆனால் அந்தக் கணத்தில் இருந்து அது வேலை. ஓய்வுக்கு வேறொன்றைத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

இதே வரிசையில் கிட் வாங்கும் வியாதியையும் சேர்க்கலாம். 48 கலர் மார்க்கர், இம்போர்ட்டட் பேப்பர், மர ஈசல் என்று சம்பள நாளில் ஆர்டர் போட்டு, பிரிக்காமலே பரணில் ஏறியவை எத்தனை? விலை ஏற ஏற, ‘இவ்ளோ நல்ல பேப்பரில் கிறுக்குறதா?’ என்ற தயக்கமும் ஏறும். மட்டமான நோட்டுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

நேரம் யாருக்கு இருக்கு?

இதுவரை சொன்னதெல்லாம் சாயங்காலம் என்று ஒன்று மிச்சம் இருப்பவர்களுக்குத்தான். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்கணும் என்று இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி 2023-ல் சொன்னார். எல் அண்டு டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 மணி நேரமாக்கிப் பேசியது 2025 ஜனவரியில் வெளிவந்தது. 90-ஐ ஏழால் வகுத்தால் ஞாயிறு உட்பட தினமும் 13 மணி நேரத்துக்கு சற்றுக் குறைவு. தூக்கமும் டிராஃபிக்கும் போக எந்தப் புள்ளியை எந்தக் கோட்டோடு சேர்ப்பது?

வீட்டுக்குள்ளும் கணக்கு சமமாக இல்லை. மத்திய அரசின் 2024-ம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். அதனால் கோலத்தைப் புகழும்போதும் கொஞ்சம் யோசிக்கணும். மார்கழிப் பனியில் நாலரை மணிக்கு, போட்டே ஆகணும் என்பதற்காக எழுந்து குனிகிற மருமகளுக்கு அது தியானம் இல்லை, டியூட்டி. அதே கோலத்தை அவர் தனக்குத் தோன்றிய நேரத்தில் ஒரு நோட்டில் போட்டால் கதை வேறு. அந்த அரை மணி நேரம் அவருக்குக் கிடைக்க, சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தை வீட்டில் வேறு யாராவது கழுவியாகணும்.

நிறுவனங்கள் வெள்ளிக்கிழமை மதியம் பானை பெயின்டிங் வொர்க்‌ஷாப் நடத்துவது இப்போது ஃபேஷன். போட்டோவுக்குச் சிரித்துவிட்டு, சீட்டுக்குத் திரும்பினால் அதே டெட்லைன். 2019-ல் உலக சுகாதார அமைப்பு ‘பர்ன் அவுட்’ என்பதைத் தன் நோய் வகைப்பாட்டில் விளக்கியபோது, அது சரியாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தால் வருவது என்று தெளிவாகவே சொன்னது. பணியிடம் கொடுத்த நோவை ஊழியரே பிரஷ் வாங்கித் தீர்த்துக்கொள்ளணும் என்பது நியாயம் இல்லை. ஹாபி அன்றாடச் சலிப்பை ஆற்றும். வேலைப்பளுவைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதை அது செய்யாது.

சில அறிகுறிகளை ஹாபியால் சமாளிக்கப் பார்க்கவும் கூடாது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, முன்பு பிடித்தது எதிலும் இப்போது நாட்டமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கணும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

மற்றவர்கள் ஆரம்பிக்க பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. போனை வேறு ரூமில் சார்ஜ் போட்டுவிட்டு, ஒரு கோடு போட்ட நோட்டை எடுங்கள். அஞ்சுக்கு அஞ்சு புள்ளி வைத்து ஒரு சிக்குக் கோலம் முயற்சி பண்ணுங்கள். முதல் நாள் கண்டிப்பாகக் கோடு எங்கேயோ போய் முட்டும். வரைய வராது என்றால் பழைய சட்டையில் பட்டன் தைக்கலாம், காகிதத்தில் கப்பல் மடிக்கலாம். நோட்டு தீர்ந்ததும் யாரிடமும் காட்டாமல் பழைய பேப்பர்காரரிடம் போடலாம். எடைக்குத்தானே எடுக்கப்போகிறார், உள்ளே இருக்கும் கோலம் நல்லா இருக்கா என்று பார்க்க மாட்டார்.