டிரஸ்ட் பெயரில் லாக்கர்: சாவி இருந்தால் போதுமா?

உங்க குடும்ப டிரஸ்ட் பெயரில் வங்கியில் லாக்கர் இருக்கு. டிரஸ்டியான அப்பா காலமாகிவிட்டார், சாவி உங்களிடம். திறக்கலாமா? நீங்களும் டிரஸ்டியாக இல்லாவிட்டால், முடியாது.

தனிநபர் லாக்கருக்கு நாமினி உண்டு. 2025 நவம்பர் 1 முதல், ஒருவருக்குப்பின் ஒருவராக 4 பேர் வரை. டிரஸ்ட் லாக்கருக்கு அந்த வசதி கிடையாது.

1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டத்தின் 48-வது பிரிவுப்படி, டிரஸ்டிகள் எல்லோரும் சேர்ந்தே செயல்படணும். ஒருவர் இறந்தால், 76-வது பிரிவுப்படி சொத்து மற்ற டிரஸ்டிகள் வசம் போகும், வாரிசிடம் அல்ல. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டுமே விதிவிலக்கு. அப்பா மட்டுமே டிரஸ்டி என்றால், முதலில் புதியவரை நியமிக்கணும்.

அதனால் அப்பா இருக்கும்போதே பத்திரத்தைப் படிங்க: லாக்கரை யார் இயக்கலாம், அவருக்குப் பிறகு யார்?