உரிமக் குறிப்பைத் திருத்துங்கள்

ஆண்டுக்கு இரண்டு முறை புதிய பதிப்பு வெளியிடும் கட்டற்ற மென்பொருள் திட்டங்கள் உண்டு. நிரலில் சின்னக் கோளாறு தென்பட்டால் அன்றிரவே ஒட்டு வந்துவிடுகிறது. அதே திட்டத்தின் பயனர் கையேட்டைத் திறந்து உரிமப் பக்கத்தைப் பாருங்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒட்டிவைத்த வாசகம் அப்படியே கிடக்கும். சுதந்திரத்தின் பெயரால் இயங்குகிறோம் என்று மார்தட்டுகிறவர்கள், அந்தச் சுதந்திரத்தை எழுத்தில் தரும் ஒரே பக்கத்தை இப்படிக் கேட்பாரற்று விட்டிருப்பதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

அந்தப் பக்கத்தில் என்னதான் இருக்கிறது? 'குனு கட்டற்ற ஆவண உரிமம், பதிப்பு 1.1' என்று தலைப்பு. கீழே, அந்த உரிமத்தை வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் முகவரியாக '59, டெம்பிள் பிளேஸ், பாஸ்டன்'. அறக்கட்டளை அந்த இடத்தை 2005-லேயே காலி செய்துவிட்டது. அடுத்துக் குடியேறிய ஃபிராங்கிளின் தெரு அலுவலகத்தையும் 2024-இல் மூடிவிட்டது. பழைய முகவரி கண்ணில் பட்டால் எச்சரிக்கை தரும்படி மென்பொருள் பொதிகளைச் சோதிக்கும் கருவியே உண்டு. கருவி கத்துகிறது, பராமரிப்பாளர் காதில் விழவில்லை. முகவரி தவறாக இருப்பதால் யாருக்கும் பெரிய நட்டமில்லை என்பது உண்மைதான். ஆனால் இருபது ஆண்டாக எவரும் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

பழைய உரிமம் காலாவதியாவதில்லை. தொல்லையே அங்குதான். அதன் நிபந்தனைகள் இன்றும் கையேட்டைக் கட்டிப்போடுகின்றன. குனு ஆவண உரிமத்திலுள்ள கையேட்டிலிருந்து இரண்டு பக்கத்தை நகலெடுத்து வகுப்பில் கொடுக்க நினைக்கும் ஆசிரியர், பல பக்க உரிம வாசகத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். உதவிப் பக்கத்தைத் தமிழாக்கும் தன்னார்வலர், கலைச்சொல் விளக்கத்துக்காக, படைப்புகளுக்கான பொது உரிமத் தொகுப்பான கிரியேட்டிவ் காமன்ஸின் அதேவகைப் பகிர்வு 4.0 உரிமத்தில் மட்டும் வெளியான தளத்திலிருந்து ஒரு பத்தியை அதில் சேர்க்க முடியாது. இரண்டு உரிமங்களும் ஒன்றோடொன்று ஒட்டாது. இருவரும் லாபம் கருதாதவர்கள். இருவர் கையையும் கட்டிவைத்திருப்பது நிறுவனங்களின் பேராசை அல்ல, நம் சொந்தத் திட்டங்களின் சோம்பல்.

சரிசெய்ய வாய்ப்பே வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2008 நவம்பர் 3 அன்று குனு ஆவண உரிமத்தின் 1.3 பதிப்பு வெளியானது. பலர் கூடி எழுதும் விக்கித் தளங்கள், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் அதேவகைப் பகிர்வு 3.0 உரிமத்துக்கு மாறிக்கொள்ள அது வழிவிட்டது. கெடு 2009 ஆகஸ்ட் 1. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா தன் சமூகத்தைக் கேட்டது. 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர், நான்கில் மூன்று பங்கினர் ஆதரித்தனர், ஜூன் மாதத்தில் உரிமம் மாறியது. லட்சக்கணக்கானோர் எழுதிய கலைக்களஞ்சியத்தால் முடிந்தது, ஐம்பது பேர் எழுதிய விக்கிக்கு ஏன் முடியவில்லை? கெடுவைக் கோட்டைவிட்டவர்களுக்கு அந்த வழி அடைபட்டுவிட்டது. இனி எழுதிய ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துச் சம்மதம் வாங்க வேண்டும்.

'அல்லது இதற்குப் பிந்திய எந்தப் பதிப்பும்' என்று தொடக்கத்திலேயே எழுதி வைத்தவர்களுக்கு மட்டுமே அந்த வழி திறந்தது. 'பதிப்பு 1.2 மட்டும்' என்று எழுதியவர்கள் வாசலில் நின்று பார்த்ததோடு சரி. ஐந்து சொல் சேர்க்கத் தவறியதன் விலை அது.

டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில் நடந்ததையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. 2006-இல் அங்கே வாக்கெடுப்பு நடந்தது. மாற்றக்கூடாத பகுதிகள் இல்லாத குனு ஆவணங்கள் கட்டற்றவை, அத்தகைய பகுதிகள் உள்ளவை கட்டற்றவை அல்ல என்று முடிவானது. விளைவு, ஈமேக்ஸ் என்ற புகழ்பெற்ற தொகுப்பியை டெபியனில் நிறுவினால் நிரல் வரும், கையேடு உடன் வராது. கட்டற்றதல்லாத பொதிகளுக்கான பிரிவை இயக்கித்தான் அதைப் பெற வேண்டும். வீட்டை ஒருவர் பேருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, வாசற்படிக்கு மட்டும் பட்டா மாற்றித் தர மறுப்பது போன்ற கதை இது.

மற்றோர் ஆவண உரிமமான ஓப்பன் பப்ளிகேஷன் உரிமத்தின் நிலை இன்னும் பரிதாபம். 1999-இல் அதை உருவாக்கிய டேவிட் வைலி, 2003-இல் கிரியேட்டிவ் காமன்ஸில் சேர்ந்து, இனி அந்த அமைப்பின் உரிமங்களைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லிவிட்டார். ஃபெடோரா என்ற லினக்ஸ் வழங்கல் 2009-இல் தன் ஆவணங்களை அதிலிருந்து மாற்றிக்கொண்டது. பெற்றவரே கைவிட்ட உரிமத்தை இன்னமும் சுமக்கும் பழைய வழிகாட்டிகளுக்கு என்ன சமாதானம்?

கிரியேட்டிவ் காமன்ஸ் பக்கம் வந்துவிட்டோம், கவலையில்லை என்று இருப்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. 2.0, 3.0 பதிப்புகளில் நிபந்தனையை மீறிய கணமே உரிமம் தானாக ரத்தாகிவிடும். ஆசிரியர் பெயரைக் குறிப்பிடுவதில் சிறு பிழை நேர்ந்தாலும் பணம் கேட்டு மிரட்டுபவர்கள் இந்த ஓட்டையைத்தான் பிடித்துக்கொண்டார்கள். 2013 நவம்பரில் வந்த 4.0, பிழையை அறிந்த 30 நாளுக்குள் திருத்திக்கொண்டால் உரிமம் மீளும் என்றது. 2015 அக்டோபரில் இன்னொரு பெரிய வசதியும் கிடைத்தது: அதேவகைப் பகிர்வு 4.0 உரிமத்திலுள்ள உள்ளடக்கத்தைக் குனு பொது உரிமம் 3-இன் கீழ் உள்ள நிரலில் சேர்க்கலாம். கையேட்டின் எடுத்துக்காட்டு நிரலை மென்பொருளுக்குள் கொண்டுபோவது மென்பொருள் எழுதுவோரின் அன்றாட வேலை. அதற்குச் சட்டப்படி வழி கிடைத்து இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் 3.0-இலேயே உட்கார்ந்திருப்பது என்ன நியாயம்?

இதைப் படித்துவிட்டு இன்றிரவே அடிக்குறிப்பில் 3.0-ஐ அழித்து 4.0 என்று எழுதுபவர்களும் வருவார்கள். அவர்களையும் கண்டிக்கிறோம். எழுதியவர் கொடுத்த அனுமதியை அவரைக் கேட்காமல் மாற்ற எந்தப் பராமரிப்பாளருக்கும் உரிமையில்லை. 2019-இல் நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபுளோ தன் தளத்தின் உள்ளடக்கம் 4.0-க்கு மாறிவிட்டதாக அறிவித்தபோது, பழைய பதிவுகளை எழுதியவர்கள் கொதித்தெழுந்தது இதனால்தான். கடைசியில் பதிவின் தேதிக்கேற்ப 2.5, 3.0, 4.0 என்று தனித்தனியே காட்ட வேண்டியதாயிற்று. முதலிலேயே அப்படிச் செய்திருந்தால் அத்தனை கசப்பு எதற்கு?

சட்டம் தெரியாது, வழக்கறிஞருக்குப் பணமில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது. அதேவகைப் பகிர்வு உரிமம் 2.0 முதல், தழுவி எழுதிய ஆக்கத்தைப் பிந்திய பதிப்பில் வெளியிட அனுமதிக்கிறது. ஆகவே புதிதாக எழுதிச் சேர்த்த கையேட்டை 4.0-இல் வெளியிடலாம், பழைய பகுதிகளின் உரிமத்தைக் குறித்துவைத்தால் போதும். இந்த வாசகம் இல்லாத 1.0 பதிப்பில் சிக்கியவர்களும் குனு ஆவண உரிமத்தில் மாட்டியவர்களும்தான் ஆள்தேட வேண்டும். தேடுங்கள். பங்களித்தவர்களின் மின்னஞ்சல்கள் உங்கள் களஞ்சிய வரலாற்றிலேயே இருக்கின்றன. அவற்றில் சில ஆண்டுதோறும் செயலிழக்கின்றன, சிலருடைய மறைவுச் செய்தியும் வருகிறது. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் சம்மதம் கேட்க ஆளில்லாத பக்கங்கள் கூடுகின்றன.

திட்டப் பராமரிப்பாளர்களிடம் நாம் கேட்பது இது. நிரலுக்கான உரிமக் கோப்பே ஆவணத்துக்கும் போதும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஆவணத்தின் உரிமத்தைப் பெயரும் பதிப்பு எண்ணுமாகத் தனியே எழுதுங்கள். இணையதளத்தின் அடிக்குறிப்பில் ஒன்று, களஞ்சியத்தில் வேறொன்று என்றிருந்தால் எது சரி என்று கண்டறிந்து மற்றதை நீக்குங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும், உரிமத்தைச் சுட்டும் எஸ்பிடிஎக்ஸ் அடையாளத்தை ஒற்றை வரியாகச் சேருங்கள். புதிதாகப் பங்களிக்க வருபவரிடம் எந்த உரிமத்தின்கீழ் தருகிறார் என்பதை முதல் நாளே கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய பங்களிப்பாளர்களுக்குக் கடிதம் அனுப்புங்கள். பதில் வராத பகுதிகளை எடுத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். இந்த வேலைக்குப் பொறுப்பாளர் ஒருவரை இந்த மாதமே பெயர் சொல்லி நியமித்து, வெளியீட்டுப் பட்டியலில் உரிமச் சரிபார்ப்பையும் ஓர் இனமாகச் சேருங்கள். அது முடியாமல் அடுத்த பதிப்பை வெளியிடாதீர்கள்.