சோளக்கருதுக்கு ஒரு துண்டு மண்

வெல்லவாய, தணமல்வில பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு ரோட்டோரச் சோளக்கடைகளைத் தெரியும். மடலோட உப்புத் தண்ணியில் அவிச்ச கருது, ஆவி பறக்கக் கையில் தருவாங்க. நல்லாத்தான் இருக்கும். ஆனா சோளத்தின் முழு ருசி எந்தக் கடையிலும் கிடைக்காது என்பதுதான் என் கட்சி. அது வீட்டுக்குப் பின்னால இருக்கு, அங்க நமக்கு ஒரு துண்டு மண் இருந்தா.

காரணம் எளிமையானது. பால் பிடிச்ச கருதில் இருக்கிற சர்க்கரை, செடியை விட்டு ஒடிச்ச நேரத்திலிருந்தே மாப்பொருளாக மாறத் தொடங்கும். சூட்டில் கிடந்தா இன்னும் வேகமா மாறும். ஸ்வீட் கோர்ன் வகைகள் சிலது கொஞ்சம் தாங்கும். நம்ம ஊர்ச் சோளத்துக்கு அந்தப் பொறுமை இல்ல. கீழ்நாட்டில் ஒடிச்சு, லொறியில் ஏறி, பண்டாரவளைச் சந்தைக்கு வந்து சேர்றதுக்குள்ள இனிப்புல பாதி போயிடும்.

அதனால முதலில் அடுப்பில் தண்ணியை வைங்க, அப்புறம் கருதை ஒடிங்க. நுனியில் இருக்கிற நார் காய்ஞ்சு பழுப்பாகி இருக்கணும். மணியை நகத்தால் அழுத்தினா பால் மாதிரி வரணும். வெறும் தண்ணியா வந்தா இன்னும் சில நாள் விடுங்க; ஒண்ணுமே வரலன்னா முத்திப் போச்சு, அதைத் தணலில் சுடாம நேரமெடுத்து அவிங்க. உள்மடல் ரெண்டை விட்டுட்டு அவிச்சா வாசம் நிக்கும். யூடியூப்பில் சொல்ற நிமிசக் கணக்கை அப்படியே நம்பாதீங்க. ஏறத்தாழ 300 மீட்டர் மேலே போகப் போக தண்ணி 1 பாகை குறைவான சூட்டிலேயே கொதிக்கும். பூனாகலை மாதிரி உசரத்தில் கொஞ்சம் கூட நேரம் வேணும். ஒரு மணியைக் கடிச்சுப் பாக்கிறதுதான் சரியான கணக்கு.

இன்னொரு விசயம். சோளம் காத்தால் மகரந்தம் சேர்ற பயிர். வேலியோரம் ஒரே வரிசையா நட்டா கருது பொக்கைப் பல்லா வரும். நாலுக்கு நாலா 16 செடி, சதுரமா நடணும். அதுக்கு 30 சதுர அடிக்கு மேல கொஞ்சம் இருந்தா போதும்.

அந்த 30 சதுர அடிதான் பிரச்சினையே. லயத்துக்குப் பின்னால நாம கொத்திப் பயிர் வைக்கிற நிலம் பெரும்பாலும் நம்ம பேரில் இல்ல. புது வீட்டுத் திட்டங்களில் 7 பேர்ச் கொடுத்தாங்க, அதாவது சுமார் 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. மிச்சத்தில் படிக்கட்டு, பாதை, வெட்டின மண்மேடு எல்லாம் போக நடுறதுக்கு என்ன மிஞ்சும்? 2014இல் மீரியபெத்தையிலும் 2023இல் பூனாகலை கபரகலையிலும் மண்சரிவு கொண்டுபோனது கூரையை மட்டுமில்ல, வீட்டைச் சுத்தி இருந்த மண்ணையும்தான்.

"கொழுந்து பறிச்சிட்டு வந்து யாரு சோளம் நடுறது?" என்று கேக்கலாம். நியாயமான கேள்வி. அம்மாதான் நடணும், அம்மாதான் அவிக்கணும் என்று எங்கேயும் எழுதி வைக்கல. தண்ணி கொதிக்க வைக்கிறது தம்பிமாருக்கும் அப்பாமாருக்கும் முடியாத வேலையில்ல.

அடுத்த தடவை வீடு கட்டித் தர்றோம் என்று யாராவது தோட்டத்துக்கு வந்தா, எத்தனை அறை என்று கேக்கிறதோட நிறுத்தாதீங்க. நடுறதுக்கு எவ்வளவு மண், அது யார் பேரில் என்றும் கேளுங்க.