மட்டி முட்டை போட்டதாம், நம்மைக் காசு கட்டச் சொல்கிறார்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. காசு சம்பந்தப்பட்டது என்பதால் முழுதாக வாசித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

மூன்று வாரமாக ஊர் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் ஒரு வீடியோ சுற்றுகிறது. நம்மூர்த் தம்பி ஒருவர் வீட்டில் வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டி. அதற்குள் நீலமும் பச்சையுமாகச் சதையை விரித்தபடி ஒரு ராட்சத மட்டி. திடீரென்று அது உடலைச் சுருக்கி, பால் போன்ற வெள்ளைப் புகையைப் பீய்ச்சுகிறது. கீழே யாரோ எழுதியிருக்கிறார்கள்: "மாஷா அல்லாஹ், ஒரே நாளில் 50 கோடி முட்டை!"

முதல் வாரம் வாழ்த்து மழை. இரண்டாம் வாரம் "மட்டிப் பண்ணை" என்று பேச்சு. இந்த வாரம் பங்கு ஒன்று ஒரு லட்சம் ரூபாய். கட்டாரிலும் சவூதியிலும் கஷ்டப்படும் நம் பிள்ளைகளுக்கும் செய்தி போயிருக்கிறது. ஹலாலான முதலீடு, இரண்டு வருஷத்தில் மூன்று மடங்கு என்கிறார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்காரத் தம்பி யாரிடமும் காசு கேட்கவில்லை. அவர் வீட்டுக்குப் போய் இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தேன். தண்ணீரின் உப்பு, சூடு, சுண்ணாம்பு எல்லாவற்றையும் தினமும் கொப்பியில் எழுதி வைக்கிறார். என் மாணவர்கள் பாதிப் பேர் அவ்வளவு ஒழுங்காகச் செய்முறைக் கொப்பி எழுதுவதில்லை. என் கோபம் அவர் மேல் இல்லை. அவருடைய வீடியோவைப் பிடித்துக்கொண்டு காசு சேர்க்கக் கிளம்பியவர்கள் மேல்.

இப்போது கணக்குக்கு வருவோம்.

50 கோடி என்பது பொய்யான எண் அல்ல. ஆனால் அது இந்த மட்டியின் எண் அல்ல. ட்ரைடாக்னா ஜிகாஸ் என்று ஒரு இனம் உண்டு. ஒரு மீற்றருக்கு மேல் வளரும், எடை 200 கிலோவைத் தாண்டும். அதில் முழுதாக வளர்ந்த ஒன்று ஒரே தடவையில் 50 கோடி முட்டை வரை விடும் என்பது ஆய்வாளர்கள் சொன்ன கணக்கு. தம்பியின் தொட்டியில் இருப்பது ட்ரைடாக்னா மெக்சிமா. என் உள்ளங்கையை விடச் சிறியது. யானையின் எடையைச் சொல்லி ஆட்டை விற்கிறார்கள்.

அதோடு நிற்கவில்லை. இந்த மட்டிகள் வளரும்போது முதலில் ஆணாக இருக்கும். பெரிதான பிறகுதான் ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக ஆகும். பெரியவை கூட முதலில் விந்தைத்தான் விடும், முட்டை அதற்குப் பிறகுதான் வரும். அப்படியானால் வீடியோவில் நாம் பார்த்த வெள்ளைப் புகை என்ன? தம்பி அன்றைக்கே ஒரு போத்தலில் அந்தத் தண்ணீரை எடுத்து வைத்திருந்தார். பாடசாலை நுணுக்குக்காட்டியில் நானும் அவரும் என் உயர்தரப் பிள்ளைகள் நாலு பேரும் பார்த்தோம். முட்டை என்றால் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு, உருண்டையாக, சின்னப் பெருக்கத்திலேயே தெரியும். ஒன்று கூட இல்லை. 50 கோடியில் ஒன்று கூட இல்லை. இருந்தது முழுக்க விந்து.

ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், அது சந்தோஷத்திலதானே விட்டது?" எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். மட்டி விந்தோ முட்டையோ விடுவதற்குச் சூடு திடீரென்று ஏறுவதும் ஒரு காரணம். வளர்ப்பு நிலையங்களில் வேண்டுமென்றே தண்ணீரைச் சூடாக்குவார்கள், செரடோனின் ஊசி கூடப் போடுவார்கள். தம்பியின் கொப்பியைப் புரட்டினேன். அன்று பகல் கரண்ட் போய், தொட்டியின் சூடு 31 பாகையைத் தாண்டியிருக்கிறது. வீடியோ காட்டாத இன்னொன்று: அந்தப் பால் தண்ணீரில் ஒட்சிசன் குறைந்து, விடியும்போது மூன்று மீன்கள் செத்துக் கிடந்தன. இதற்குத்தான் ஆயிரம் லைக் போட்டோம்.

சரி, நாளைக்கு உண்மையிலேயே முட்டை வந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு மட்டி போதாது. தன் விந்தும் தன் முட்டையும் சேர்ந்தால் தேறுவது குறைவு, வேறு வேறு தாய் மட்டிகள் வேண்டும். கருக்கட்டிய முட்டை இரண்டு நாளுக்குள் நீந்தும் குடம்பியாகும். எட்டுப் பத்து நாளில் அடியில் உட்காரும். அதற்குப் பிறகு ஒருவகை நுண்பாசி அதன் சதைக்குள் குடியேற வேண்டும், வெயிலில் உணவு தயாரித்து மட்டிக்குக் கொடுப்பது அந்தப் பாசிதான். தாயிடமிருந்து அது வருவதில்லை, தண்ணீரிலிருந்துதான் கிடைக்க வேண்டும். கிடைக்காதது செத்துப்போகும். நூற்றுக்கு ஒன்று மிஞ்சினாலே பெரிய வெற்றி. மிஞ்சியதும் விற்கும் அளவுக்கு வர வருஷக் கணக்காகும்.

இதை மனிதர் செய்ததே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1980களில் பசிபிக்கில் உள்ள பலாவு தீவுகளில் பெருந்தொகையாக வளர்த்துக் காட்டினார்கள். அவுஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸ் ஆய்வாளர்களும் அந்தக் காலத்திலேயே உழைத்தார்கள். அவர்களிடம் ஆய்வுகூடம் இருந்தது, அரச பணம் இருந்தது, கரையிலேயே தெளிந்த கடல் இருந்தது. நம்மவர்களிடம் இருப்பது ஒரு வீடியோ.

அடுத்தது சட்டம். ராட்சத மட்டிக் குடும்பம் முழுவதும் 1985 முதல் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. இலங்கை 1979இல் அதில் சேர்ந்த நாடு. அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஒரு மட்டியை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பக்கத்து இந்தியாவில் 2001 முதல் இந்த மெக்சிமா இனம் புலி, யானையோடு ஒரே அட்டவணையில் காக்கப்படுகிறது. லட்சத்தீவில் அதைக் கடலில் இருந்து எடுத்தால் குற்றம். பங்கு விற்பவர்களிடம் கேட்கிறேன்: வனஜீவராசிகள் திணைக்களத்தின் கடிதம் எங்கே? நாராவிடமோ நக்டாவிடமோ போய் ஒரு தரமாவது கேட்டீர்களா? வெளிநாட்டுக்கு அனுப்பாவிட்டால் உள்ளூரில் வாங்கப்போவது யார்? கல்முனைச் சந்தையில் கூறு போட்டு விற்கப் போகிறீர்களா?

கரண்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அந்தக் குரங்கு நம் பங்கு இலாபத்தைக் கேட்டுவிட்டா பாயும்?

"நம்ம பொடியன் முன்னேறுறது சேருக்குப் பொறுக்கல்ல" என்று ஒரு காக்கா குழுவில் எழுதியிருந்தார். காக்கா, பொறுக்காதது வேறு. ஒலுவில் துறைமுகம் வந்தால் ஊர் செழிக்கும் என்று சொன்னபோதும் யாரும் கேள்வி கேட்கவில்லை. 2013இல் திறந்தார்கள். வாய்க்காலை மணல் மூடியது, ஒலுவில் கரையிலும் நிந்தவூர்க் கரையிலும் தென்னைகள் கடலுக்குள் போயின. கடலை வைத்து யார் ஆசை காட்டினாலும் கணக்குக் கேட்க நாம் அப்போதே பழகியிருக்க வேண்டும்.

இந்த ஒரு லட்சம் யாருடைய காசு? யாரோ ஒரு உம்மா கழற்றிக் கொடுக்கும் காப்பு. 45 பாகை வெயிலில் நிற்கும் ஒரு தம்பியின் இரண்டு மாதச் சேமிப்பு. அது அமானத். மட்டி செத்தால் "கடலின் விதி" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆகவே கேட்பது இவ்வளவுதான். காசு கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த மட்டி எங்கிருந்து வந்தது, அதன் கடதாசி எங்கே? முட்டையை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர் யார்? நட்டம் வந்தால் யார் திருப்பித் தருவார், அது எழுத்தில் இருக்கிறதா? மூன்றுக்கும் பதில் வரும்வரை ஒரு சதம் கூடக் கொடுக்காதீர்கள். ஏற்கனவே கொடுத்தவர்கள் இந்த வாரமே போய்த் திருப்பிக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, அது உங்கள் காசு.

தொட்டிக்காரத் தம்பிக்கு ஒரு அழைப்பு. உங்கள் கொப்பியை எடுத்துக்கொண்டு எங்கள் பாடசாலைக்கு வாருங்கள். நம் பிள்ளைகள் கடலுக்குப் பக்கத்தில் பிறந்து, சுனாமிக்குப் பிறகு கடலைப் பயத்தோடு மட்டும் பார்த்து வளர்கிறார்கள். அதற்குள் என்ன வாழ்கிறது என்று அவர்களுக்குக் காட்ட உங்களால் முடியும். அதற்கு யாரும் பங்கு வாங்கத் தேவையில்லை.

நான் சொன்னதில் பிழை இருந்தால் இங்கேயே எல்லாருக்கும் தெரிய எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். சரி என்று பட்டால் வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு இன்றிரவே அனுப்பிவிடுங்கள். மாதச் சம்பளம் போடும் நாள் நெருங்குகிறது.